மூன்றாவது தட்டு

அப்பாவின் ரயில் வர இன்னும் இருபத்தைந்து மணி நேரம் இருந்தது. கத்யா விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்து, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி அதைச் சொன்னாள். எட்டு வயதுப் பெண்ணின் கணக்கில் பிழை இல்லை. இன்று வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு மணி இப்போதுதான் அடித்தது. மிலான் ரயில் நாளை ஒன்று பத்துக்கு.

அந்த ரயிலிலிருந்து எர்மேஸ் இறங்கமாட்டான் என்பது அந்த அறையில் ஓர்னெல்லாவுக்கு மட்டும் தெரியும். "ஆமா செல்லம்," என்று சொல்லிவிட்டு மகளின் மடியில் துணியை விரித்தாள்.

இரிதே மூன்று தட்டுகளோடு வந்தாள். விடுதி அவளுடையது. சமையல், பரிமாறல், அதட்டல் எல்லாம் அவளே. விருந்தினர் பெயர்கள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அறை எண்கள்தான்.

"பதினாலு, மத்தி மீன் சூடா இருக்கு. புள்ளைக்கு முள்ளெடுத்துக் குடு."

மூன்றாவது தட்டைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"அவருதான் இன்னும் வரலையே, இரிதே. எதுக்குத் தினமும் இத?"

"கட்டின காசுக்குத் தட்டு வந்தே தீரும். நீ தின்னாலும் சரி, பூனைக்குப் போட்டாலும் சரி. நாளைக்கு எர்மேஸ் வந்து, என் பங்க இரிதே முழுங்கிட்டான்னு சொல்லிடக் கூடாது பாரு."

மூன்று பேருக்கு, இரண்டு வாரத்துக்கு, மூன்று வேளையும் சேர்த்து ஓர்னெல்லா பிப்ரவரியிலேயே பணம் கட்டிவிட்டாள். ஒன்பது வருடமாக அப்படித்தான். விடுமுறையில் பர்ஸைத் திறக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. வீட்டிலிருந்தே கட்டிவிட்டு வந்தால் கடற்கரையில் மனசு லேசாக இருக்கும். எர்மேஸ் முனகுவான். "இங்க பசிகூட மணி பார்த்துத்தான் வரணும்," என்பான். அவள் சிரித்துவிடுவாள். எல்லாக் கணவர்களும் எதையாவது முனகுவார்கள்.

பிப்ரவரியில் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

இது ஆகஸ்ட். வடக்கே ஆலைகள் எல்லாம் கோடை விடுமுறைக்கு மூடிக் கிடந்தன. கண்ணாடி அடைத்த அந்தச் சாப்பாட்டு அறையில் ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஆண் இருந்தான். ரொட்டியைப் பிய்த்தான், பிள்ளையை அதட்டினான், வாய் பிளந்து கொட்டாவி விட்டான். ஓர்னெல்லா சொல்லிவைத்த காரணம் நல்ல காரணம்தான். எர்மேஸுக்குப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. மற்றவர்கள் இயந்திரத்தை நிறுத்தினால்தான் அவனுக்கு ஆரம்பம். ஒரு வாரம் கழித்து வருவான். எல்லோரும் நம்பினார்கள். முந்தாநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கிய தங்கை நீவெஸும் நம்பினாள். நாளைக்கு ஒரு பொய், அதற்கப்புறம் இன்னொன்று. விடுமுறை முடியும்வரை இழுத்துவிட்டால் போதும். பெர்கமோவுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, கத்யாவிடம் மெதுவாகச் சொல்லிவிடலாம். இங்கே, இத்தனை பேர் நடுவில், அதுவும் நீவெஸ் முன்னால், முடியாது.

கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆள் இல்லையென்றால் தட்டும் இல்லை. இங்கே இல்லாத ஆளுக்கு நாளுக்கு மூன்று முறை தட்டு வைத்தார்கள்.

தட்டு மட்டுமா? மேசை நடுவில் சிவப்பு ஒயின் புட்டி ஒன்று நின்றது. அதன் கழுத்தில் 14 என்று எழுதிய காகிதம். குடித்தது போக மிச்சத்தை மூடிவைத்து அடுத்த வேளைக்குக் கொண்டுவருவது இங்கே வழக்கம். வந்த அன்று பழக்க தோஷத்தில் அதைத் திறக்கச் சொல்லிவிட்டாள். அவள் குடிப்பதில்லை. மற்ற மேசைகளில் புட்டிகள் காலியாகிப் புதியவை வந்தன. பதினாலில் மட்டும் ஒயின் கழுத்துக்குச் சற்றுக் கீழே அப்படியே நின்றது.

"அம்மா, சித்தி!" என்றாள் கத்யா.

கண்ணாடிக்கு அப்பால் சாலை. சாலைக்கு அப்பால் கடற்கரையின் தாழ்வான சுவர். அதன்மேல் நீவெஸும் அவள் கணவன் துல்லியோவும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கையில் பியாதினா. பச்சை, வெள்ளைக் கோடு போட்ட பெட்டிக்கடையில் கல்லில் சுட்டு, பன்றி இறைச்சிச் சீவலை நடுவில் வைத்து மடித்துக் கொடுக்கிற தட்டை ரொட்டி. துல்லியோ கடித்து இழுத்தபோது சீவல் முழுசாக வந்து மோவாயில் தொங்கியது. நீவெஸ் குனிந்து அதன் மறுமுனையைத் தன் பல்லால் கவ்வி இழுத்தாள். பாதிப் பாதியாய்ப் பிய்ந்தது. இருவரும் சிரித்ததில் சுவர் ஆடுவது போல் இருந்தது. சத்தம் கண்ணாடியைத் தாண்டி வரவில்லை.

ஓர்னெல்லா மத்தியின் முள்ளை எடுத்தாள். ஒரு முள்ளும் விடாமல் எடுத்தாள்.

சாப்பிட்டால் மூன்று மணி நேரம் கடலில் இறங்கக் கூடாது. வயிறு பிடித்துக்கொள்ளும் என்று பயந்து, விடுதிப் பிள்ளைகளை எல்லாம் குடைநிழலில் கட்டிப்போட்டிருந்தார்கள். கத்யா மணலை எட்டி உதைத்தாள்.

"சித்தி மட்டும் தண்ணியில இருக்காங்க."

"அவங்க சாப்பிடல."

"சாப்பிட்டாங்க, நான் பாத்தேன். சுவத்துல உக்காந்து."

"அது சாப்பாடு இல்ல. கொறிக்கிறது."

நீவெஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து பக்கத்துச் சாய்வு நாற்காலியில் விழுந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு, ஓர்னெல்லாவைவிட ஐந்து வயது இளையவள். சின்ன வயதில் சூப்பை வேண்டாம் என்று தள்ளிவிடுவாள். அவளுக்கு மட்டும் அம்மா முட்டை பொரித்துக் கொடுப்பாள். ஓர்னெல்லா சூப்பைக் குடித்து முடித்து, தட்டைக் கழுவியும் வைப்பாள்.

"இன்னைக்கு என்ன போட்டா உங்க ஜெயிலரம்மா?"

"மத்தி."

"நாளைக்கு?"

"காலையில வந்து கேப்பா."

"பாரேன், உனக்கு மதியம் என்ன பசிக்கும்னு காலையிலயே தெரிஞ்சிடுது. எனக்கு இப்ப என்ன பசிக்குதுன்னே தெரியல."

"பசிச்சதும் பர்ஸத் தடவணுமே. அதுக்கு இது எவ்வளவோ மேல்."

"அதுவும் வாஸ்தவந்தான்," என்று நீவெஸ் கூந்தலைப் பிழிந்தாள். "நேத்து துறைமுகத்துல வெல கேக்காம ஒரு மீனக் காட்டி இதக் குடுன்னுட்டேன். பில்லப் பாத்துட்டு துல்லியோ ரெண்டு மணி நேரம் எங்கூடப் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் ஐஸ்கிரீம் வண்டி வந்துச்சு. மிச்சமிருந்த சில்லறைக்கு ஒன்னுதான் கெடச்சுது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நக்கினோம். நக்கிக்கிட்டே எப்படி முறைச்சிக்கிறது, சொல்லு?"

ஓர்னெல்லா சிரித்தாள். மீனின்மேல் பொறாமை இல்லை. அந்தச் சண்டையின்மேல்தான். ஒன்பது கோடையில் எர்மேஸும் அவளும் ஒரு பில்லுக்காகக்கூடச் சண்டை போட்டதில்லை. அவர்களுக்குப் பில்லே வந்ததில்லை.

"எர்மேஸ் நாளைக்குத்தானே?"

"ஒன்னு பத்துக்கு."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. துல்லியோ அதற்குள் ஓடிவந்து, ஈரத் தலையை நாய்போல் நீவெஸின் முதுகின்மேல் உதறினான். அவள் வீறிட்டு அவனைக் காலால் உதைத்தாள். அவன் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஓர்னெல்லா தன் துவாலையை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"சித்தப்பா, அப்பாவோட தட்டுல மூணு மத்தி இருந்துச்சு," என்றாள் கத்யா. "பூனைக்குப் போட்டேன்."

"மூணு மத்தியா? பூனைக்கா?" துல்லியோ மார்பில் கையை வைத்துக்கொண்டான். "அந்தப் பூனை நானா இருந்திருக்கக் கூடாதா? ராத்திரி என்ன?"

"முயல் வறுவல்," என்றாள் ஓர்னெல்லா.

"கேட்டியா, நீவெஸ்? எர்மேஸோட முயலு அநாதையா நிக்கப் போகுது. நான் போய்த் துணைக்கு உக்காரட்டுமா?"

"வாங்க, சித்தப்பா! வாங்க!" கத்யா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். ஓர்னெல்லாவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அந்த நாற்காலியில் ஓர் ஆண். ஒரு வேளைக்காவது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. அது தோன்றிய வேகத்தில் அவளுக்கே கூசியது. நீவெஸ் வெளியே தனியாக உட்கார்ந்திருப்பாள்.

"வாங்க, துல்லியோ. ஏழரைக்கு மணியடிப்பாங்க," என்றாள். பிறகு தங்கையைப் பார்க்காமல், "ஆனா தட்டு மூணுதான் இருக்கு. மூணு பேருக்குத்தான் கட்டியிருக்கேன்," என்றாள்.

நீவெஸ் முகம் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நீவெஸ் கண்ணை மூடி வெயிலைப் பார்த்துப் படுத்தாள்.

"கூட்டிட்டுப் போ. ஒரு வேளைதானே, கடனாத் தரேன். பாத்திரத்தக் கழுவித் திருப்பிக் குடுக்கற மாதிரி, சுத்தமாத் திருப்பிக் குடுத்துடு."

அவளால் கடன் கொடுக்க முடிந்தது. திரும்பி வரும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிக் கொடுப்பார்கள்.

ஏழரைக்கு மணி அடித்தபோது வெளிச்சம் இன்னும் மங்கவில்லை. துல்லியோ சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். எர்மேஸின் நாற்காலி கிறீச்சிட்டது. ஆறு நாளாக அது சத்தம் போடவில்லை.

சூப்பை உறிஞ்சியே குடித்தான். ரொட்டித் துண்டில் கண்ணும் மூக்கும் கிள்ளி கத்யாவின் தண்ணீர்க் கோப்பையின் விளிம்பில் உட்காரவைத்தான். அவள் சிரித்ததில் சூப் மூக்கில் ஏறியது. ஓர்னெல்லா மகளின் முதுகைத் தட்டினாள். அப்படியே கையை நீட்டித் துல்லியோவின் பக்கம் உப்பை நகர்த்தினாள். அவன் கேட்கவில்லை. எர்மேஸ் சூப்புக்கு உப்பு போட்டுக்கொள்வான்.

பக்கத்து மேசையில் மோதெனா ஊரிலிருந்து வந்திருந்தவள் திரும்பினாள். பருத்த, நல்ல மனசுக்காரி. மதியம் கத்யாவின் கணக்கைக் கேட்டவள்.

"அடடே, வீட்டுக்காரர் வந்துட்டாரா? முந்தின வண்டியே கெடச்சுதா?"

துல்லியோ குனிந்து ரொட்டி மனிதனுக்குத் தொப்பி செய்துகொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை. கத்யா வாயைத் திறந்தாள். ஓர்னெல்லா சூப் கரண்டியை அவள் கையில் கொடுத்து, "ஆறிடும், சாப்பிடு," என்றாள். மோதெனாக்காரியைப் பார்த்துப் புன்னகைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

வெளியே, சுவரின்மேல், நீவெஸ் தனியாக ஒரு பியாதினாவோடு உட்கார்ந்திருந்தாள். ஓர்னெல்லா அவளை நன்றாகப் பார்த்தாள். இப்போது எப்படி இருக்கிறது, நீவெஸ்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது? நீவெஸ் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

துல்லியோ பதினாலாம் எண் புட்டியைச் சாய்த்துக் கோப்பையை நிறைத்தான். பெரிய மடக்காக ஒன்று குடித்தான். அவன் கண்கள் இடுங்கின.

"ஐயோ! இது குடிக்கவா, இல்ல கீரைல ஊத்தவா?"

"என்ன ஆச்சு?"

"புளிச்ச காடி! எத்தன நாளா தெறந்து வெச்சிருக்கீங்க? எர்மேஸ் நாளைக்கு வந்து இத வாயில வெச்சா, அடுத்த வண்டியிலயே ஊருக்குத் திரும்பிடுவாரு."

பேச்சு முழுசாகக் கேட்காவிட்டாலும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து இரண்டு மேசை சிரித்தது. ஓர்னெல்லாவும் சிரித்தாள். முகம் வலித்தது.

முயல் வந்தது. துல்லியோ தன் துண்டை இரண்டாக வெட்டினான். பெரிய பாதியைக் கைதுடைக்கும் காகிதத்தில் சுற்றி, மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன செய்யறீங்க? சாப்பாட்ட வெளிய கொண்டு போகக் கூடாது. இரிதே பாத்தா கத்துவா."

"கத்தட்டும். நீவெஸுக்கு முயல்னா உயிரு. மதியத்துலேர்ந்து ரொட்டியையே தின்னுட்டு இருக்கா."

சொல்லும்போதே அவன் பார்வை சுவருக்குப் போனது. இப்போதுதான் ஓர்னெல்லா கவனித்தாள். நாற்காலியை அவன் மேசைக்கு நேராகப் போட்டிருக்கவில்லை. கொஞ்சம் ஒருக்களித்து, சுவர் தெரியும்படி போட்டிருந்தான். சூப்பையும் அப்படித்தான் குடித்திருக்கிறான். அவளுடைய மேசையில், அவள் கட்டிய தட்டில், அவன் நீவெஸோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பழம் இன்னும் வரலையே," என்றாள் அவன் எழுந்தபோது. குரலில் இருந்த கெஞ்சல் அவளுக்கே கேட்டது.

"பழத்த எர்மேஸுக்கு வெச்சிடுங்க. ஆறிடுச்சுன்னா இத அவ திட்டிக்கிட்டே தின்னுவா." மடித்த பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகினான். "வயிறு நெறஞ்சுது, ஓர்னெல்லா. புளிச்ச ஒயினுக்கும் நன்றி."

"அம்மா, நானும் போறேன்," என்று கத்யா அதற்குள் கதவருகே ஓடிவிட்டாள்.

சாலையைக் கடந்தார்கள். துல்லியோ சிறுமியைத் தூக்கிச் சுவரின்மேல் உட்காரவைத்தான். நீவெஸ் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், அவன் காதைப் பிடித்துத் திருகினாள். தன் பியாதினாவின் மிச்சத்தைக் கத்யாவிடம் கொடுத்தாள். விடுதியில் ரொட்டி ஓரத்தைத் தொடாத பெண் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். நடுவில் குழந்தை, இரண்டு பக்கமும் இரண்டு பேர். ஆறு கால்கள் ஆடின.

சாலையில் போகிறவன் எவனும் அது ஒரு குடும்பம் என்றுதான் சொல்வான். ஓர்னெல்லாவின் முன்னால் மூன்று தட்டுகள், மூன்று கோப்பைகள். ரொட்டி மனிதன் தண்ணீரில் விழுந்து ஊறிக்கொண்டிருந்தான்.

இரிதே பழக்கூடையோடு வந்தாள். மோதெனாக்காரி அவளை நிறுத்தினாள்.

"பதினாலுக்காரர் நல்ல கலகலப்பான மனுஷன், இரிதே. வந்த அலுப்பே தெரியல."

"எந்தப் பதினாலுக்காரர்? அவனா? அது இவ தங்கச்சி புருஷன். எர்மேஸ் நாளைக்குத்தான் வரான்."

"அப்படியா? நான் கேட்டப்ப இவங்க..." மோதெனாக்காரி ஓர்னெல்லாவைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்தாள். அவள் கணவன் வேறு பக்கம் பார்க்கவில்லை. "புருஷன் வர ஒரு நாள் லேட்டானா நாற்காலிக்கு ஆள் வெச்சுக்கறாங்களா? இது நமக்குத் தெரியாமப் போச்சே!" என்றான். மேசைகள் சிரித்தன. கெட்ட சிரிப்பு இல்லை. கட்டிய சாப்பாட்டோடு கிடைக்கும் சிரிப்பு. எல்லோரும் ஒரே மணிக்கு உட்கார்ந்து, ஒரே முயலைத் தின்றவர்கள்.

"எர்மேஸ் வந்ததும் மொதல்ல இதத்தான் போட்டுக் குடுக்கப் போறேன்," என்று இரிதேயும் சேர்ந்துகொண்டாள். கூடையை வைத்துவிட்டு, கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்து, எர்மேஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது வருடத்தில் அவள் விருந்தினர் மேசையில் உட்கார்ந்து ஓர்னெல்லா பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோழி வாங்கிட்டேன். சூப்பு அடுப்புல ஏத்தியாச்சு. இனிமேதான் மாவு. வருஷா வருஷம் அவன் வந்திறங்கற அன்னைக்குச் சூப்புல போடற கப்பெல்லெத்தி பண்ணுவேனே, ஞாபகமிருக்கா? வெயில்காலத்துல எவளும் இதப் பண்ணமாட்டா. மாவத் தேய்க்கணும், வெட்டணும், பூரணம் வெக்கணும், ஒவ்வொன்னாத் தொப்பி மாதிரி மடிக்கணும். இந்த வருஷம் மணிக்கட்டு வேற வலி. பரவால்ல, நாத்தனாரும் கூட உக்காருவா. இது நீ கட்டின கணக்குல இல்ல, சொல்லிட்டேன். இது நான் அவனுக்குப் போடறது."

கைகளை மேசைமேல் வைத்திருந்தாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. நகத்தோரம் மாவு.

"அதான் கேக்கறேன். ஒன்னு பத்து வண்டி நிச்சயந்தானே? நாலு மணி வண்டின்னா மாவக் காலையில பெசஞ்சுக்கலாம். முன்னாடியே பண்ணி வெச்சா காஞ்சு வெடிச்சுப் போயிடும்."

நாலு மணி வண்டி என்று சொல்லலாம். நாளை வந்ததும், திங்கட்கிழமைதான் வருகிறான் என்று மாற்றிச் சொல்லலாம். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆறு நாளாக மத்தியும் கோழியும் முயலும் வீணாயின. அது அவள் கட்டிய பணம், அவள் வீணாக்கினாள். இதற்கு அவள் கட்டவில்லை.

கண்ணாடிக்கு வெளியே கத்யா நீவெஸின் காதில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் விரித்து விரல்களை மடக்கினாள். மணி நேரம் எண்ணுகிறாள்.

ஓர்னெல்லா ஒயின் புட்டியை எடுத்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள். மூன்றாவது தட்டை எடுத்து, அதைத் தன் தட்டின்மேல் அடுக்கினாள். பேசியபோது குரல் தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது. பழம் நறுக்கும் சத்தம் எல்லா மேசையிலும் நின்றது.

"மாவு பெசைய வேண்டாம், இரிதே. நாளையிலேர்ந்து பதினாலுக்கு ரெண்டு தட்டு போதும். எர்மேஸ் வரமாட்டாரு. மே மாசத்துலேர்ந்து அவரு வேற ஒருத்தி வீட்டுலதான் சாப்பிடறாரு."